ஜன்னலைப் பாதியாக்கினால் மெனு முட்டுகிறது, போனில் அட்டவணை வெளியே ஓடுகிறது: எங்கே கை வைப்பது?

ராஜை கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் ராஜபாளையம். எங்கள் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும் பஸ்களின் நேரத்தைக் குறித்து வந்து, தமிழில் ஒரு சின்னத் தளம் செய்துகொண்டிருக்கிறேன். பொழுதுபோக்குதான். வேலை ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவு. வெப் டிசைன் எல்லாம் யூடியூப் பார்த்துப் பழகியது, அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பக்கத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. மேலே தளத்தின் பெயர், பக்கத்திலேயே மெனு: மதுரை, தென்காசி, சங்கரன்கோவில், சிவகாசி, திருநெல்வேலி, வெளியூர். அதற்குக் கீழே திரை முழுக்க ஒரு பஸ் படம், படத்தின் அடியில் 'நேரம் பார்க்க' என்று ஒரு பட்டன். அப்புறம் அட்டவணை. கிளம்பும் நேரம், சேரும் ஊர், வழி, பஸ் வகை, சேரும் நேரம், குறிப்பு என்று ஆறு பத்தி.

மீடியா க்வெரி, அதாவது இத்தனை பிக்சல் அகலத்தில் அமைப்பை மாற்று என்கிற கட்டளை, 480, 768, 1024 என்று மூன்று இடத்தில் போட்டிருக்கிறேன். போன், டேப்லெட், லேப்டாப் என்று வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ஆபீஸில் எக்செல்லைப் பாதித் திரையிலும் பிரவுசரைப் பாதித் திரையிலும் வைத்தால் மெனுவில் 'திருநெல்வேலி' கீழே இறங்கிப் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. லேப்டாப் 1366 அகலம். அப்பா போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார், அதில் அட்டவணை வலது பக்கம் ஓடி, பக்கம் முழுவதுமே கையோடு ஆடுகிறது. பட்டனில் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது. அந்தப் பட்டனே சில நேரம் போனில் பிரவுசரின் பட்டைக்குப் பின்னால் போய்விடுகிறது.

பக்கத்தின் பாடிக்கு 'ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஹிட்டன்' (பக்கவாட்டில் வெளியே நீட்டுவதை மறை) போட்டுப் பார்த்தேன். ஆடுவது நின்றது, ஆனால் கடைசி இரண்டு பத்தியைப் பார்க்கவே வழியில்லை. எழுத்தை 11 பிக்சலாகக் குறைத்தேன், அப்பா திட்டினார். ஒவ்வொரு போன் மாடலுக்கும் தனித்தனியாக பிரேக்பாயிண்ட் (அமைப்பு மாறும் அகலம்) போட வேண்டுமா? போட்டால் எத்தனை போடுவது?


சதீஷ் வெப்:

ப்ரோ, பூட்ஸ்ட்ராப் என்று முன்பே எழுதி வைத்த டிசைன் தொகுப்பு இருக்கிறது, அதைப் போடுங்கள், தலைவலி விட்டது. 576, 768, 992, 1200, 1400 என்று ஐந்து பிரேக்பாயிண்ட் அதிலேயே இருக்கிறது. அட்டவணைக்கு டேபிள்-ரெஸ்பான்சிவ் என்று ஒரு கிளாஸ். மெனுவும் தானாக மூன்று கோடு போட்ட பட்டனுக்குள் போய்விடும். எதற்குச் சக்கரத்தை நாமே செதுக்க வேண்டும்?


டிடிபி முருகேசன்:

கார்த்தி தம்பி, இன்னும் பிரேக்பாயிண்ட் கூட்ட வேண்டாம். இருக்கிற மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஃபைலை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு அதில் செய்யுங்கள், பயம் வேண்டாம்.

சதீஷ் சொன்ன பூட்ஸ்ட்ராப் மேல் எனக்குப் பகை இல்லை. பத்துப் பேர் சேர்ந்து நூறு பக்கம் செய்கிற இடத்தில் அது நல்ல ஏற்பாடு. ஒரு மெனு, ஒரு அட்டவணைக்கு அது அதிகம். அந்த டேபிள்-ரெஸ்பான்சிவ் கிளாஸ் செய்வது என்ன என்று திறந்து பார்த்தால், அட்டவணையைச் சுற்றி ஒரு பெட்டி, பெட்டிக்குள் மட்டும் பக்கவாட்டு ஸ்க்ரோல், அவ்வளவுதான். அதை நாமே இரண்டு வரியில் எழுதிவிடலாம். தவிர, அதன் 768-ம் தம்பியின் மெனுவில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று தெரிந்து வைத்த எண் அல்ல.

நான் சிவகாசியில் காலண்டரும் நோட்டு அட்டையும் பேஜ்மேக்கர் என்ற அச்சுப் பக்க சாஃப்ட்வேரில் கட்டியவன். அங்கே தாளின் அளவு தெரியாமல் யாரும் மௌஸைத் தொட மாட்டார்கள். வெப்புக்கு வந்த பிறகும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அப்போது மானிட்டர் 1024 அகலம், அதனால் 960 பிக்சலில் ஒரு பெட்டி கட்டி நடுவில் நிறுத்திவிடுவோம். 2007-ல் ஐபோன் வந்ததும் இப்படிக் கட்டிய பக்கங்களைக் காட்டுவதற்காக சஃபாரி ஒரு தந்திரம் செய்தது. தன் திரை 980 பிக்சல் அகலம் என்று பாவித்துப் பக்கத்தை அடுக்கிவிட்டு, மொத்தத்தையும் 320-க்குள் சுருக்கிக் காட்டும். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினால்தான் படிக்க முடியும். 'அப்படிப் பாவிக்காதே, உன் சொந்த அகலத்தையே எடுத்துக்கொள்' என்று பிரவுசருக்குச் சொல்ல ஆப்பிள் கொண்டுவந்ததுதான் இன்று நாம் எல்லோரும் போடும் வியூபோர்ட் மெட்டா டேக். தம்பி பக்கத்தில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அகலம் டிவைஸ்-விட்த், ஆரம்ப அளவு 1, அது போதும். அதில் 'யூசர்-ஸ்கேலபிள் நோ' என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அழித்துவிடுங்கள். அப்பா பெரிதாக்கிப் பார்க்கிற வழியை அது அடைத்துவிடும்.

ரெஸ்பான்சிவ், அதாவது திரைக்குத் தக்கபடி மாறும் பக்கம், என்ற பேச்சு 2010 மே மாதம் வெப் டிசைனர் ஈத்தன் மார்கோட் எழுதிய கட்டுரையில் தொடங்கியது. அவர் மூன்று பொருள் சொன்னார். அகலத்தைப் பிக்சலில் கொடுக்காமல் விகிதத்தில் கொடுக்கிற கட்டம், பெட்டிக்குத் தக்கபடி சுருங்குகிற படம், கடைசியாக மீடியா க்வெரி. இன்றைய வீடியோக்களில் அந்த மூன்றாவதை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன், டேப்லெட், லேப்டாப் என்று எண்ணுவது ஏன் உதவாது என்றால், தம்பியின் ஆபீஸ் கதையே சாட்சி. 1366-ல் பாதி 683. அது போனும் இல்லை, டேப்லெட்டும் இல்லை, எக்செல் பக்கத்தில் திறந்து வைத்த ஒரு ஜன்னல். அதே லேப்டாப்பில் விண்டோஸ் ஸ்கேலிங் 125 சதவீதம் இருந்தால் பிரவுசர் கணக்கில் முழு அகலமே சுமார் 1093தான், பாதி 546. போன் பெட்டியில் 1080 என்று அச்சடித்திருப்பார்கள். அது திரையின் புள்ளிக் கணக்கு. சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) கணக்கில் ஒரு பிக்சலுக்கு மூன்று புள்ளி என்றால் அந்த போன் வெறும் 360.

சரி, செய்முறைக்கு வருவோம். மீடியா க்வெரி இல்லாத காப்பியைக் குரோமில் திறங்கள். கணினியில் ஜன்னலை ஏறக்குறைய 500-க்குக் கீழே குறுக்க குரோம் விடாது, அதனால் அதிலேயே இருக்கும் டெவ்டூல்ஸ் என்ற சோதனைக் கருவியில் டிவைஸ் மோடுக்குப் போய், போன் பெயர் எதையும் தேர்ந்தெடுக்காமல் 'ரெஸ்பான்சிவ்' என்பதில் விட்டு, ஓரத்தைப் பிடித்து 320-லிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் கண்ணுக்கு உறுத்துகிறதோ அங்கே நிறுத்தி, மேலே தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் தம்பிக்கு பிரேக்பாயிண்ட். அது 611 ஆக இருக்கலாம், 740 ஆக இருக்கலாம். 611 என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் மெனுவுக்கு அந்த எண்ணும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். படத்தின் மேல் அது ஏறி உட்காருகிறது என்றால், தலைப்பகுதிக்கு 60 பிக்சல் என்கிற மாதிரி உயரத்தைக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உயரத்தை எடுங்கள், மேலும் கீழும் பேடிங் (உள் இடைவெளி) கொடுங்கள். மெனுவை ஃப்ளெக்ஸ் (வரிசையாக அடுக்கும் முறை) ஆக்கி, அடுத்த வரிக்கு இறக்கும் ஃப்ளெக்ஸ்-ராப், இடைவெளி விடும் கேப் இரண்டும் போடுங்கள். இடம் பற்றாவிட்டால் ஆறு பெயரும் இரண்டு வரியாக அமரும், தலைப்பகுதி தானாக வளரும், படம் கீழே தள்ளிப் போகும். ஆறே பெயருக்கு மூன்று கோடு போட்ட பட்டன் எதற்கு? தென்காசி போகிறவருக்கு 'தென்காசி' என்ற எழுத்து கண்ணெதிரே இருக்கட்டும்.

பட்டனில் எழுத்து வெட்டுப்படுவதும் இதே நோய்தான். ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் பட்டன் உயரம் 32, லைன்-ஹைட் (வரி உயரம்) 1 என்று இருக்கும். நம் எழுத்துக்கு மேலே 'கி', 'கீ' சுழி ஏறும், கீழே 'ரூ', 'சூ' கால் இறங்கும். உயரத்தைக் கட்டாமல் லைன்-ஹைட்டை 1.6 வாக்கில் வைத்தால் எல்லாம் பெட்டிக்குள் அடங்கும். அப்பா எழுத்தைப் பெரிதாக்கினால் பட்டனும் கூடவே வளரும்.

பட்டன் மறைவதற்குக் காரணம் படத்துக்கு 100 விஹெச், அதாவது திரை உயரத்தில் நூறு சதவீதம், கொடுத்திருப்பது. போனில் முகவரிப் பட்டை உள்ளே சுருங்கிய பிறகு கிடைக்கும் உயரத்தைத்தான் விஹெச் கணக்கில் எடுக்கும். பக்கம் திறந்தவுடன் பட்டை வெளியே இருக்கும், அடிப்பகுதி அதன் அளவுக்கு வெளியே போய்விடும். எஸ்விஹெச் என்று இன்னொரு அலகு உண்டு, பட்டை வெளியே இருக்கும் நிலையை வைத்து அளப்பது. 2022-க்குள் குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் வந்துவிட்டது. அதைப் போட்டால் சரியாகும். என்னைக் கேட்டால் அந்தப் படமே வேண்டாம். பஸ் பிடிக்க ஓடி வருகிறவருக்கு பஸ் எப்படி இருக்கும் என்று தெரியும்.

இனி அட்டவணை. அந்த ஓவர்ஃப்ளோ ஹிட்டனை முதலில் கழற்றுங்கள், அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அட்டவணையின் ஒரு பத்தி எவ்வளவு குறுகலாம் என்பதற்கு ஓர் அடி எல்லை உண்டு. அந்தப் பத்தியில் இருக்கிற மிக நீளமான, உடையாத சொல்லின் அகலம்தான் அந்த எல்லை. 'ஸ்ரீவில்லிபுத்தூர்' ஒற்றைச் சொல். 16 பிக்சல் எழுத்தில் அதற்கு மட்டும் நூற்றுச் சொச்சம் பிக்சல் போய்விடும். பக்கத்துப் பத்தியில் 'கிருஷ்ணன்கோவில்'. தென்காசி அட்டவணைக்குப் போனால் 'வாசுதேவநல்லூர்', 'கடையநல்லூர்'. இரண்டு நேரப் பத்தி, பஸ் வகை, குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் பேடிங் என்று கூட்டினால் 360-ல் எப்படி அடங்கும்?

இணையத்தில் தேடினால் 'ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர்' போடு என்பார்கள். அட்டவணைக்குள் அதைப் போடாதீர்கள். எந்த எழுத்துக்குப் பின்னும் உடைக்கலாம் என்று அனுமதி கொடுத்ததும் அடி எல்லை ஒரே எழுத்தாகிவிடும், நெருக்கடி வந்தால் பிரவுசர் பத்தியை நசுக்கி 'சங்க' ஒரு வரி, 'ரன்கோ' ஒரு வரி, 'வில்' ஒரு வரி என்று தொங்கவிடும். நம் ஊர்ப் பெயர்களில் ஒரு வசதி இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். பாதிப் பெயர் இரண்டு துண்டைச் சேர்த்துக் கட்டியதுதான். சங்கரன், கோவில். வாசுதேவ, நல்லூர். அருப்புக், கோட்டை. ஸ்ரீ, வில்லி, புத்தூர். இந்த இணைப்பு இருக்கிற இடத்தில் 'டபிள்யூபிஆர்' டேகை நுழைத்துவிடுங்கள். இடம் இருந்தால் அது இருப்பதே தெரியாது, இல்லாவிட்டால் அங்கே மட்டும் உடையும், ஹைஃபன் கோடும் வராது. சாஃப்ட் ஹைஃபனும் இதே வேலையைச் செய்யும், ஆனால் வரி முடிவில் கோடு போடும். அதோடு, யாராவது ஊர்ப் பெயரைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறியும் கூடவே போகும். தினசரிகளில் ஒடுக்கமான பத்தியில் சொல்லை உடைத்து அடுத்த வரியில் போட்டுப் படித்துப் பழகியவர்கள்தானே நாம், கோடு இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.


வித்யா (கோவை):

முருகேசன் அண்ணா சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. நான் ஒரு நிறுவனத்தில் பக்கங்களை எல்லோராலும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிக்கிற வேலை பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயம்.

போன் கையில் இல்லாமலே சோதிக்க ஒரு சுலப வழி: ஜன்னலை 1280 அகலத்தில் வைத்து, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ப்ளஸ் தட்டி ஜூமை 400 சதவீதம் ஆக்குங்கள். பக்கத்துக்கு இப்போது 320 பிக்சல்தான் கிடைக்கும். வெப் பக்கத்தை எல்லோரும் பயன்படுத்த வழிசெய்வதற்காக 2018-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 விதிகளில் ரீஃப்ளோ என்று ஒரு விதி இந்த 320-ஐத்தான் சொல்கிறது. அந்த அகலத்தில் மேலும் கீழும் நகர்த்திப் படிக்கலாம், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் இடம் வலம் இழுக்கும்படி இருக்கக்கூடாது. கண் மங்கியவர்கள் மானிட்டரில் பெரிதாக்கிப் படிக்கும்போது போன் அகலத்தில்தான் படிக்கிறார்கள். மெனுவை மேலேயே ஒட்டி நிற்கும்படி செய்திருந்தால் இந்தச் சோதனையில் பளிச்சென்று தெரியும், பாதி உயரத்தை அதுவே தின்றிருக்கும். போனைப் படுக்கவைத்தாலும் இதே கதைதான்.

அட்டவணைக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. அட்டவணை தன் பெட்டிக்குள் பக்கவாட்டில் ஓடலாம், பக்கம் ஆடக்கூடாது. அப்படிப் பெட்டி போட்டால் அதற்கு டேப்இண்டெக்ஸ் 0, ரோல் ரீஜன், ஒரு ஏரியா-லேபிள் மூன்றும் கொடுங்கள். கீபோர்டு மட்டும் வைத்துப் பார்ப்பவர் அம்புக்குறியால் நகர்த்த அது வேண்டும்.

ஆனால் பெட்டி போடும் முன் ஒரு கேள்வி. ஆறு பத்தி எதற்கு? பஸ் வகையும் குறிப்பும் ஒரே இடத்தில் இருக்கலாம். 'வழி' என்பதை ஊர்ப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டுவிடலாம். கிளம்பும் நேரம், ஊரும் வழியும், சேரும் நேரம், வகை என்று நான்காகக் குறைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை சிஎஸ்எஸ் தொடாமலே தீரும். போனில் இடம் இல்லை என்று 'வழி'யை மட்டும் டிஸ்ப்ளே நன் போட்டு மறைத்துவிடாதீர்கள். கல்லுப்பட்டியில் இறங்க வேண்டியவருக்கு அந்த ஒரு சொல்தான் முக்கியம். போன் வைத்திருப்பவர்தான் பஸ் நிலையத்தில் நிற்கிறார், மானிட்டர் வைத்திருப்பவர் அல்ல.

ஒவ்வொரு வரியையும் தனித்தனி அட்டையாக மாற்றுகிற வித்தை நிறையப் பேர் சொல்வார்கள். மளிகைப் பொருள் பட்டியலுக்கு அது சரி. பஸ் நேரத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்து 'இது போனால் அடுத்தது எப்போது' என்று கண் தேடுகிறது. அட்டை ஆக்கினால் ஒரு திரைக்கு இரண்டு பஸ்தான் தெரியும்.

அண்ணாவிடம் ஒரு சின்ன மாறுபாடு: குறித்த எண்ணைப் பிக்சலில் எழுதாமல் எம்மில் எழுதுங்கள். மீடியா க்வெரியில் எம் என்பது பிரவுசரில் படிப்பவர் வைத்திருக்கும் இயல்பு எழுத்தளவு. 16 என்றால் 48 எம் 768 பிக்சல். ஒருவர் அதை 20 ஆக்கி வைத்திருந்தால் அதே 48 எம் 960 ஆகும், பெரிய எழுத்துக்காரருக்கு ஒடுக்கமான அமைப்பு முன்கூட்டியே கிடைத்துவிடும்.


சதீஷ் வெப்:

ஒத்துக்கொள்கிறேன், ஒரு பக்கத்துக்கு பூட்ஸ்ட்ராப் பெரிசுதான். ஒரு சந்தேகம். ஊர் ஊராக முகப்பில் கட்டம் போடுவதாக இருந்தால் கிரிட்டில் (கட்டங்களாக அடுக்கும் முறை) ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ் 16 ரெம், 1 எஃப்ஆர், அதாவது 'ஒரு கட்டம் இயல்பு எழுத்தளவில் 16 மடங்குக்குக் குறையாமல், மிச்ச இடத்தைப் பங்கிட்டு, எத்தனை அடங்குமோ அத்தனை' என்று போட்டால் மீடியா க்வெரியே இல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தானாக மாறுமே?


டிடிபி முருகேசன்:

மாறும், அழகாகவே மாறும். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில் கிரிட்டைக் கொண்டுவந்தபோது நான் முதலில் விளையாடிப் பார்த்த வரி அதுதான். ஒரு பொறி இருக்கிறது. வெளிப்பெட்டியே 16 ரெம்மை விடக் குறைந்தால் கட்டம் குறைய மறுத்து வெளியே நீட்டிக்கொள்ளும். அந்த 16 ரெம் இருக்கிற இடத்தில் 'மின்' போட்டு, நூறு சதவீதம் அல்லது 16 ரெம், எது சின்னதோ அது என்று எழுதிவிடுங்கள்.

வித்யா மேடம் சொன்ன எம் விஷயம் சரி, நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.


ராஜை கார்த்தி:

அண்ணா, மேடம், ப்ரோ, எல்லோருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மூன்று மீடியா க்வெரியும் போய்விட்டது. மெனு இரண்டு வரியாக உட்காருகிறது, மோசமாகவே இல்லை. அட்டவணை நான்கு பத்தி. இப்போது ஒரே ஒரு பிரேக்பாயிண்ட்தான், 38 எம். அதற்கு மேல் போனால் 'வழி' தனிப் பத்தியாக விரிகிறது. பஸ் படம் அம்மா எடுத்தது, அதனால் அழிக்க மனசு வரவில்லை, அடியில் ஒரு சின்னப் பட்டையாகப் போட்டிருக்கிறேன்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். அட்டவணையைச் சுற்றி ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ பெட்டி போட்டும் பெரிய எழுத்தில் வைத்தால் பக்கம் முழுக்க ஆடுகிறது. பெட்டி வேலையே செய்யவில்லை. பக்கத்தை இடதில் அறிவிப்பு, வலதில் அட்டவணை என்று கிரிட்டில் வைத்திருக்கிறேன், அது காரணமா?

இன்னொன்று. என் போனில் 'சங்கரன்கோவில்' ஒரே வரியில் இருக்கிறது. ஆபீஸ் விண்டோஸில் அதே அகலம் வைத்தால் இரண்டாக உடைகிறது. டெவ்டூல்ஸில் 360 என்றுதான் காட்டுகிறது. யாரை நம்புவது?


வித்யா (கோவை):

முதல் கேள்விக்கு: ஆமாம், கிரிட்தான். 1 எஃப்ஆர் என்று எழுதினால் 'மிச்ச இடம், ஆனால் உள்ளே இருப்பதைவிடக் குறைய மாட்டேன்' என்று அர்த்தம். உள்ளே அகலமான அட்டவணை இருப்பதால் அந்தப் பத்தியே அகன்றுவிடுகிறது. பெட்டி அகன்ற பத்தியை நிரப்பிக்கொள்வதால் அதற்கு ஸ்க்ரோல் செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை. 1 எஃப்ஆர் இருக்கிற இடத்தில் மின்மேக்ஸ் 0, 1 எஃப்ஆர் என்று மாற்றுங்கள். ஃப்ளெக்ஸில் இதே தொல்லை வந்தால் அந்தப் பிள்ளை எலிமெண்ட்டுக்கு மின்-விட்த் 0.

எது வெளியே நீட்டுகிறது என்று கண்டுபிடிக்க ஃபயர்ஃபாக்ஸில் இன்ஸ்பெக்டரைத் திறங்கள். ஸ்க்ரோல் ஆகிற எலிமெண்ட் பக்கத்தில் 'ஸ்க்ரோல்' என்று சின்னப் பட்டை இருக்கும், அதைத் தட்டினால் காரணமான எலிமெண்ட்டுக்குப் பக்கத்தில் 'ஓவர்ஃப்ளோ' என்று காட்டும். எதற்காவது 100 விடபிள்யூ (திரை அகலம் முழுவதும்) கொடுத்திருந்தால் அதையும் நூறு சதவீதம் ஆக்குங்கள். விண்டோஸில் செங்குத்து ஸ்க்ரோல் பட்டையின் அகலத்தையும் விடபிள்யூ சேர்த்தே எண்ணும், அந்தச் சில பிக்சலுக்காகப் பக்கம் ஆடும்.


டிடிபி முருகேசன்:

இரண்டாவது எனக்குப் பிடித்த கேள்வி. போனையும் நம்பலாம், டெவ்டூல்ஸையும் நம்பலாம், அகலம் இரண்டிலும் 360தான். மாறுவது ஃபான்ட். தளத்தில் தமிழ் ஃபான்ட் எதையும் ஏற்றாவிட்டால் பிரவுசர் அந்த இயந்திரத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா, மேக்கில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 'ங்' அகலம் வேறு, 'கோ' அகலம் வேறு. டெவ்டூல்ஸின் டிவைஸ் மோடு போனின் அகலத்தை மட்டும்தான் போலச் செய்கிறது, போனின் ஃபான்ட்டைக் கொண்டுவருவதில்லை. தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு தடவையாவது நிஜ ஆண்ட்ராய்டு போனில் பார்த்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

எல்லா இடத்திலும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றால் ஒரு வெப் ஃபான்ட்டை ஏற்றலாம். ஆனால் பஸ் நிலையத்தில் சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது அது இறங்கும் வரை பழைய ஃபான்ட்டில் தெரிந்து, இறங்கியதும் எல்லா வரியும் ஒரு குலுக்கு குலுங்கும். படித்துக்கொண்டிருந்த வரி கண்ணைவிட்டு ஓடிவிடும். தம்பியின் தளத்துக்கு நான் ஏற்ற மாட்டேன். சங்கரன்கோவில் ஒரு இயந்திரத்தில் ஒரு வரி, இன்னொன்றில் இரண்டு வரி, அதனால் பஸ் தாமதமாகாது. டபிள்யூபிஆர் போட்ட இடத்தில்தானே உடைகிறது, இருக்கட்டும். பேஜ்மேக்கரில் ஒரு எழுத்தை இழுத்துப் பிடித்து வரிக்குள் அடக்கிய காலத்தில் நானும் இதற்காகத் தூக்கம் கெட்டிருப்பேன். வெப்பில் அந்தச் சண்டைக்கு முடிவு கிடையாது.

அறிவிப்புப் பகுதியைப் பார்த்தேன், அதில் இன்னொன்று. பத்தியின் அகலத்துக்கு 65 சிஹெச் என்று எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். சிஹெச் என்பது அந்த ஃபான்ட்டில் 0 என்ற எண்ணின் அகலம். ஆங்கில எழுத்து சராசரியாக அதற்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் அங்கே அந்த எண் ஒத்துவரும். நம் 'ணை', 'ஞா', 'கௌ' எல்லாம் பல பூஜ்யத்தின் இடத்தைப் பிடிப்பவை. 65 சிஹெச் என்றால் வரிக்குக் கொஞ்சச் சொல்தான் அடங்கும், மானிட்டரில் பத்தி ஒல்லியாகத் தெரிவது அதனால்தான். அகலத்தை எம்மில் கொடுங்கள். 40 எம்மில் ஆரம்பித்து, வரி முடிந்து அடுத்த வரிக்குக் கண் திரும்பும்போது இடம் தவறுகிறதா என்று பார்த்து, தவறினால் இரண்டிரண்டாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அந்த எம்முக்கு மேக்ஸ்-விட்த் போடுங்கள், விட்த் போட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் அப்பா போனில் மறுபடியும் ஆட ஆரம்பித்துவிடும்.